வாக்கும் வினையும்
(ஜீனெட் ராங்கின் அம்மையாரின் பொதுவாழ்வு குறித்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

தேர்தல் காலம் நெருங்கும்போது இல்லந்தோறும் மூன்று வினாக்கள் எழுகின்றன. எத்தகைய வேட்பாளர்க்கு வாக்களிப்பது என்பது முதல் வினா. போர் எந்த நிலையில் அறமாகும் என்பது இரண்டாவது. தொழிலையும் வாணிகத்தையும் அரசு எந்த அளவிற்குக் கட்டுப்படுத்தலாம் என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒருவர் வாழ்விலேயே வந்து கூடியதை வரலாறு காட்டுகிறது. அவர் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற முதல் பெண்மணியாகிய ஜீனெட் ராங்கின் அம்மையார்.

அவருடைய வாழ்வைக் காண்பதற்கு முன், அவையோர் நன்கறிந்த ஒரு பகுப்பை நினைவுகூர்தல் பொருந்தும். இல்லறத்தார்க்குரிய கொல்லாமை அணுவிரதத்தை விளக்கும் ஆசிரியர்கள், தீவினை மூன்று வழிகளில் வந்து சேரும் என்பர். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என்பன அவை. வாளை ஏந்தியவனோடு வினை நின்றுவிடுவதில்லை. ஏவியவனுக்கும் இசைந்தவனுக்கும் அதில் பங்குண்டு. சமணம் என்னும் சொல்லையே கேட்டறியாத சூழலில் வளர்ந்த ராங்கின் அம்மையார், இக்கருத்தின் பக்கத்திலேயே தம் பொதுவாழ்வு முழுவதும் நின்றார் என்பது வியப்பிற்குரியது.

அவர் 1880ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் மாண்டானா நிலப்பகுதியில், மிசூலா நகரை அடுத்த ஒரு பண்ணையில் பிறந்தார். தாயார் முன்னாள் பள்ளி ஆசிரியை. 1902இல் மாண்டானா பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயின்று பட்டம் பெற்றார். பின்னர் நியூயார்க்கில் சமூகப் பணிக் கல்வி கற்றார். ஏழைக் குடும்பங்களின் துயரைத் தனிப்பட்ட ஈகையால் மட்டும் துடைக்க இயலாது, சட்டமும் மாறவேண்டும் என்னும் எண்ணம் அவர்க்கு உறுதிப்பட்டது. சட்டத்தை மாற்றுவதற்குப் பெண்களின் கையில் வாக்கு வேண்டும். ஆகவே அவர் வாக்குரிமை இயக்கத்தில் இறங்கினார். 1914இல் மாண்டானா மாநிலப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். இரண்டே ஆண்டுகளில், 1916 நவம்பரில், குடியரசுக் கட்சியின் வேட்பாளராக நின்று அவர் வெற்றி பெற்றார். அமெரிக்கப் பெண்கள் அனைவர்க்கும் வாக்குரிமையை உறுதிசெய்த அரசமைப்புத் திருத்தம் 1920இல்தான் நிறைவேறியது என்பதை எண்ணிப் பார்த்தால், அவ்வெற்றியின் அருமை விளங்கும்.

1917 ஏப்ரல் 2ஆம் நாள் அவர் பதவி ஏற்றார். அன்று மாலையிலேயே குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் இரு சபைகளின் கூட்டத்திற்கு வந்து, ஜெர்மனியின்மேல் போர் அறிவிக்குமாறு வேண்டினார். புதிய உறுப்பினர்க்குச் சபையின் முறைகள் பழகுதற்கும் நேரமில்லை. அவர் எதிர்த்து வாக்களித்தால் பெண்ணினமே அரசியலுக்குத் தகுதியற்றது என்று உலகம் பேசும், வாக்குரிமை இயக்கமும் பின்னடையும் என்று நண்பர் பலர் அஞ்சினர். தேர்தலுக்குப் பொருளுதவி செய்து துணைநின்ற உடன்பிறந்தவர் வெலிங்டன் ராங்கினும் ஆதரவாக வாக்களிக்குமாறே வற்புறுத்தினார்.

ஏப்ரல் 6ஆம் நாள் விடியற்காலையில் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. முதல்முறை பெயர் அழைக்கப்பட்டபோது அம்மையார் வாய் திறக்கவில்லை. இரண்டாம் முறை அழைக்கப்பட்டபோது எழுந்து, நாட்டின் பக்கம் நிற்கவே தாம் விரும்புவதாகவும், ஆயினும் போருக்கு வாக்களிக்கத் தம்மால் இயலாதெனவும் கூறினார். 373 பேர் போரை ஆதரித்தனர். 50 பேர் எதிர்த்தனர். எதிர்த்தவருள் 49 பேர் ஆடவர். எனினும் செய்தித்தாள்களின் கண் அந்த ஒரு பெண்ணின்மேலேயே விழுந்தது. அவர் அழுதார் என்று எழுதி, அதனையே பெண்ணின் வலுவின்மைக்குச் சான்றாக்கினர்.

அறம் என்பது போர்க்களத்தைப் பற்றியது மட்டும் அன்று என்பதை இரண்டு திங்கள் கழித்து வந்த நிகழ்ச்சி காட்டியது. மாண்டானாவின் பியூட் நகரம் செம்புச் சுரங்கங்களால் வளர்ந்தது. போர்க்காலத்தில் செம்பின் தேவை பெருகியது. சுரங்கங்கள் ஓய்வின்றி இயங்கின. 1917 ஜூன் 8ஆம் நாள் இரவில் ஸ்பெகுலேட்டர் சுரங்கத்தில் தீப்பற்றியது. தீத்தடுப்பு அமைப்பிற்காகவே உள்ளே இறக்கப்பட்ட மின்வடம் ஒன்று நழுவி விழுந்து சிதைந்தது. அதனைச் சோதிக்கச் சென்ற மேற்பார்வையாளரின் கார்பைடு விளக்குச் சுடர், வடத்தின் எண்ணெய் ஊறிய உறையில் பட்டுவிட்டது. நச்சுப்புகை சுரங்க வழிகளெங்கும் பரவி 160க்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். சுரங்க வழிகளை அடைத்திருந்த தடுப்புச் சுவர்களில் திறக்கக்கூடிய கதவுகள் இருத்தல் வேண்டும் என்பது மாநிலச் சட்டம். ஆனால் கதவின்றி எழுப்பப்பட்ட கற்காரைச் சுவர்களின் முன்னே பலர் உடல்கள் குவிந்து கிடந்தன.

அச்சுவரை எழுப்பியவர் எவரையும் கொல்ல எண்ணியிருக்கமாட்டார். இங்குதான் ஆசிரியர்கள் காட்டும் நுட்பத்தைக் கருதவேண்டும். உயிர்க்கொலைக்கு வேராக அவர்கள் சொல்வது பிரமாதம். இன்றைய பேச்சுவழக்கில் இச்சொல் மிகச் சிறப்பானது என்னும் பொருளைத் தருகிறது. அறநூல் வழக்கில் அதன் பொருள் விழிப்பின்மை. கொல்லும் எண்ணம் இல்லாவிடினும், காக்கவேண்டிய கடமையில் விழிப்பின்றி இருந்தவனை வினை விடுவதில்லை. செலவையும் நேரத்தையும் மிச்சப்படுத்தக் கைவிடப்பட்ட ஒரு கதவு, ஓராயிரம் நாள் எவர்க்கும் தீங்கு செய்யாதிருக்கலாம். தீங்கு வரும் இரவில் அதற்கு விலை கொடுப்பவர் வேறு, மிச்சத்தைப் பெற்றவர் வேறு.

சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பாதுகாப்பும் உயர்ந்த கூலியும் வேண்டினர். சங்கத்தில் ஈடுபட்டவரை வேலையினின்று விலக்கி வைப்பதற்குப் பயன்பட்ட அனுமதி அட்டை முறையை ஒழிக்குமாறு கேட்டனர். ஆகஸ்டு முதல் நாள் தொழிற்சங்கத் தலைவர் பிராங்க் லிட்டில் நள்ளிரவில் இழுத்துச் செல்லப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். அந்நகரின் வலிமை மிக்க நிறுவனம் அனகோண்டா செம்பு நிறுவனம். மாநிலத்தின் முதன்மையான நாளிதழ்கள் பலவும் அதன் பிடியில் இருந்தன. அதனைப் பகைத்துக்கொண்டு மாண்டானாவில் அரசியல் நடத்துவது அரிது. அதை அறிந்தே அம்மையார் சபையில் எழுந்து பேசினார். தேவையாயின் அரசே சுரங்கங்களை ஏற்று நடத்தலாம் என்னும் தீர்மானத்தைக் கொணர்ந்தார். நேரே பியூட் நகருக்குச் சென்று தொழிலாளர் கூட்டத்திலும் உரையாற்றினார். தீர்மானம் நிறைவேறவில்லை. நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் சென்று ஆய்வு நடத்தும் உரிமையை நடுவணரசு 1941இல் பெற்றது. செம்பு போன்ற உலோகச் சுரங்கங்களின் பாதுகாப்பிற்கான தனிச் சட்டம் 1966இல்தான் வந்தது.

அவர் தனியார் முதலாளிகளை மட்டும் கேள்வி கேட்கவில்லை. வாஷிங்டன் நகரில் அரசே நடத்திய பணத்தாள் அச்சகத்தில் பெண்கள் எட்டு மணி நேரத்திற்கும் மேலாக வேலை வாங்கப்பட்டனர். அம்மையார் அதனை ஆராய்ந்து வெளிப்படுத்தவே, எட்டு மணி நேர வேலை மீட்கப்பட்டது. வேலை வாங்குபவர் அரசாயினும் நிறுவனமாயினும் அவர் வைத்திருந்த அளவுகோல் ஒன்றே.

அடுத்த தேர்தலுக்கு முன் மாண்டானா மாநிலம் இரு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. அவருடைய ஊர் எதிர்க்கட்சிக்கு வலிவுள்ள தொகுதியில் அமைந்தது. ஆகவே 1918இல் அவர் செனட் சபைக்குப் போட்டியிட்டார். கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலிலேயே தோல்வியுற்றார். வேறொரு சிறு கட்சியின் சார்பில் நின்றும் வெல்ல இயலவில்லை.

அவரை மாசற்ற சிலையாக்கிக் காட்டுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. 1917 டிசம்பரில் ஆஸ்திரிய-ஹங்கேரியின்மேல் போர் அறிவிக்கும் தீர்மானம் வந்தபோது அவர் ஆதரித்தே வாக்களித்தார். போர் மூடத்தனமானது என்னும் கருத்து மாறவில்லை எனினும், நடந்துகொண்டிருக்கும் போருக்குப் பணமும் படையும் அளிக்க முன்பே இசைந்ததுபோல இதற்கும் இசைவதாகக் கூறினார். செய்வித்தல், உடன்படுதல் ஆகிய இரண்டிற்கும் இடையிலுள்ள கோடு எத்துணை மெல்லியது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பதவியின்றி, அமைதிக்காகவும் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பிற்காகவும் அவர் உழைத்தார். 1940இல், அறுபதாம் வயதில், மீண்டும் மாண்டானா மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1941 டிசம்பர் 7ஆம் நாள் பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியது. 2,400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறுநாள் வாக்கெடுப்பு. அம்மையார் பேச எழுந்தார், அவைத்தலைவர் இடந்தரவில்லை. அருகிருந்தோர் மன்றாடினர். தாம் ஒரு பெண்ணாதலின் போருக்குச் செல்ல இயலாது, ஆதலால் வேறொருவரை அனுப்பவும் மறுப்பதாகக் கூறி எதிர்த்து வாக்களித்தார். 388 பேர் ஒருபுறம். அவர் ஒருவர் மறுபுறம். வெளியே சூழ்ந்த கூட்டத்தினின்று தப்ப, தொலைபேசிக் கூண்டு ஒன்றினுள் அடைக்கலம் புகுந்தார். காவலர் வந்து அவரை அறைக்கு அழைத்துச் சென்றனர். மாண்டானா முழுவதும் அவர்க்கு எதிராக நிற்பதாக உடன்பிறந்தவரே தெரிவித்தார். 1942இல் அவர் மீண்டும் போட்டியிடவில்லை.

அந்த இரண்டாம் வாக்கு சரியா? அவையோர் இவ்வினாவை எளிதில் கடந்துவிடலாகாது. 1917ஆம் ஆண்டின் வாக்கைப் பின்னாளில் பலர் மதித்தனர். 1941ஆம் ஆண்டின் நிலை வேறு. தாக்கப்பட்டது அமெரிக்கா. ஐரோப்பாவில் பல நாடுகள் ஏற்கெனவே ஹிட்லரின் படையால் மிதிக்கப்பட்டிருந்தன. அத்தகைய பகைவனிடமிருந்து எளியவரைக் காப்பது எவ்வாறு என்னும் கேள்விக்கு அம்மையாரின் ஒற்றை வாக்கில் விடை இல்லை. சமண ஆசிரியர்களும் இல்லறத்தார்க்கு எல்லா ஹிம்சையையும் ஒரே தட்டில் வைத்து விலக்கவில்லை. எண்ணித் துணிந்து செய்யும் சங்கல்பி ஹிம்சையை முற்றும் விலக்கினர். இல்வாழ்க்கைச் செயல்களில் நேரும் ஆரம்பி ஹிம்சை, தொழிலில் நேரும் உத்யமி ஹிம்சை, பகையைத் தடுக்கையில் நேரும் விரோதி ஹிம்சை ஆகியவற்றை இயன்ற அளவு குறைக்குமாறு பணித்தனர். நாட்டைக் காக்கும் பொறுப்பை ஏற்றவன் அறத்தினின்று வழுவினான் என்று அவர்கள் கூறவில்லை. ஆகவே அன்று போரை ஆதரித்த 388 பேரையும் அறமற்றவர் என்று எவரும் சொல்லிவிட இயலாது.

ஆயின் அந்த ஒற்றை வாக்கால் என்ன பயன்? கான்சாஸ் மாநிலத்தின் புகழ்பெற்ற இதழாசிரியர் வில்லியம் ஆலன் ஒயிட், அம்மையாரின் கருத்தை முற்றும் மறுத்துக்கொண்டே அவருடைய துணிவைப் போற்றி எழுதினார். மறுத்தவரும் மதித்ததற்குக் காரணம் உண்டு. பிறர் மக்களைச் சாவிற்கு அனுப்பும் முடிவு, ஆரவாரத்தில் கைதூக்கி முடிக்கத்தக்க ஒன்றன்று என்பதை அவ்வாக்கு நினைவூட்டியது. தம் கொள்கைக்குரிய விலையை அவர் பிறர்மேல் சுமத்தவில்லை; இருமுறையும் தம் பதவியையே விலையாகத் தந்தார். கதவில்லாச் சுவரை எழுப்பியவர் செய்ததோ இதற்கு நேர்மாறானது.

பிற்காலத்தில் அம்மையார் காந்தியடிகளின் நெறியால் ஈர்க்கப்பட்டு, 1946 முதல் 1971 வரை ஏழுமுறை இந்தியாவிற்கு வந்தார். அடிகளின் அகிம்சை உருவாவதற்குத் துணைநின்றவருள் ஒருவர் சமணச் சான்றோராகிய ஸ்ரீமத் ராஜசந்திரர் என்பது அவையோர் அறிந்ததே. 1968 ஜனவரியில், 87ஆம் வயதில், வியட்நாம் போரை எதிர்த்து வாஷிங்டனில் ஆயிரக்கணக்கான பெண்களின் அணிவகுப்பிற்கு அம்மையார் தலைமை தாங்கினார். 1973 மே 18ஆம் நாள் மறைந்தார். இருமுறை அவரைப் புறந்தள்ளிய மாண்டானா மாநிலமே, அவருடைய சிலையை 1985இல் நாடாளுமன்றக் கட்டடத்தில் நிறுவச் செய்தது.

இனி, வாக்களிக்கச் செல்வோர் கருதவேண்டியது யாது? வேட்பாளர் நம் கட்சியினரா, நம் இனத்தவரா, நம் தொழிலுக்கு ஆதாயம் செய்பவரா என்னும் வினாக்கள் இயல்பானவை. அவற்றுக்கு மேலும் ஒரு வினா உண்டு. தம் முடிவால் துன்புறப் போகின்றவர் யார் என்பதை அவர் எண்ணிப் பார்க்கின்றாரா? போரை ஆதரிப்பவராயினும் எதிர்ப்பவராயினும் இதனைக் கேட்கலாம். ஒழுங்குமுறைச் சட்டம் வேண்டும் என்பவரையும் வேண்டாம் என்பவரையும் கேட்கலாம். வாணிகம் செய்யும் குடும்பங்கள் பல நிறைந்த இவ்வவையில், சட்டத்தைச் சுமையாக மட்டும் கருதாமல், எந்தக் கதவிற்காக அது எழுதப்பட்டது என்று பார்ப்பதும் கடமையாகும்.

வேட்பாளரிடம் கேட்கும் அவ்வினாவை வாக்காளரும் தம்மிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். வாக்குச்சாவடியில் விரல் செய்யும் செயல் மிகச் சிறியது. ஆனால் அதன் பெயர் செய்வித்தல்; குறைந்த அளவு, உடன்படுதல். அதனை அறிந்து விழிப்போடு அளிக்கும் வாக்கு எவர்க்குச் சென்றாலும் அது அறத்தோடு பொருந்திய வாக்கே.