அழைப்பு மணியும் அந்தரங்கமும்

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை மனிதர்க்கே, விளம்பரத்துக்கு இல்லை. பாறசாலையிலுள்ள நம் இல்லத்தில் கைப்பேசி இரு மொழிகளிலும் ஓயாது கூவுகிறது. அண்மையில் புதிய எண்ணிலிருந்து மும்முறை அழைத்தோம், அன்னையார் எடுக்கவில்லை. "கடன் வேண்டுமா என்று கேட்பவன் என்றல்லவா நினைத்தேன், மக்களே!" என்றார் பின்னர். அயலாருக்கு அடைத்த கதவு மகனுக்கும் அடைபட்டது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவ்வுரிமை ஊர்த் திண்ணைக்கும் எட்ட வேண்டாவோ? விளம்பர அழைப்புகளை மறுக்க 1909 என்னும் எண்ணில் பதிவு செய்யலாம். விடுமுறையில் ஊர் செல்லும்போது முதியோர்க்கு அதனைச் செய்து கொடுப்போமாக.