விமானியின் கண்ணில் தங்கிய சில்லு

1940 ஆகஸ்ட் மாதம். இங்கிலாந்தின் வானில் ஜெர்மானிய விமானங்களோடு சண்டை நடக்கிறது. ஹரிக்கேன் போர் விமானம் ஒன்றின் கூரையில் குண்டு பாய்ந்தது. கூரை கண்ணாடியால் ஆனதல்ல. பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக். கடைப் பெயர்ப்பலகைக்கு நாம் வாங்குகிற அக்ரிலிக் தகடு இதே இனம்தான். நொறுங்கிய சில்லுகள் விமானி கார்டன் கிளீவரின் இரண்டு கண்களிலும் பாய்ந்தன. பார்வை இழந்த நிலையிலும் பாராசூட்டில் குதித்து உயிர் தப்பினார்.

முகத்திலும் கண்களிலுமாக அவருக்கு 18 அறுவை சிகிச்சைகள். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் பார்வை மிஞ்சியது, சில்லும் மிஞ்சியது.

இரும்புத் துணுக்கு கண்ணுக்குள் தங்கினால் துரு கசிந்து விழித்திரையைக் கெடுக்கும். செம்பு என்றால் கண் கடுமையாக அழன்றுவிடும். அதனால்தான் இரும்பைக் காந்தத்தால் இழுத்தெடுக்கும் முறை 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் கிளீவரையும் மற்ற விமானிகளையும் பரிசோதித்த டாக்டர் ஹெரால்டு ரிட்லி வேறொன்றைக் கண்டார். பெர்ஸ்பெக்ஸ் சில்லு இருந்த கண்கள் பெரும்பாலும் அமைதியாகவே இருந்தன. ஆண்டுகள் போயும் சிவக்கவில்லை, சீழ் வைக்கவில்லை.

அந்தக் காலத்துக் கண்புரை அறுவையை நினைத்துப் பாருங்கள். மங்கிய லென்ஸை எடுத்துவிடுவார்கள். அந்த இடம் காலியாகவே கிடக்கும். பிறகு ஆயுள் முழுக்க சோடாபுட்டிக் கண்ணாடிதான். எடுத்த லென்ஸுக்குப் பதில் ஒன்று வைக்கக் கூடாதா என்று ஒரு மருத்துவ மாணவர் ரிட்லியைக் கேட்டாராம். எதனால் செய்வது என்ற கேள்விக்கு விமானிகளின் கண்கள் ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தன.

1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு பெண்ணின் கண்ணுக்குள் ரிட்லி அந்த பிளாஸ்டிக் லென்ஸை வைத்தார். பெரிய மருத்துவர்களே அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். கண்ணுக்குள் இருப்பதை எடுப்பதுதான் வைத்தியம், வெளிப்பொருளை வைப்பதா என்றார்கள். பல ஆண்டுகள் அந்த வசவைத் தாங்கினார் மனிதர். 1987இல் கிளீவரின் இடது கண்ணில் புரை விழுந்தபோது அவருக்கே அந்த லென்ஸ் பொருத்தப்பட்டது. இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது, நேயர்களே.

அந்த லென்ஸ் நம் ஊர் எளியவர்களுக்கு எட்டியது மதுரை வழியாக. ராணுவ மருத்துவராக இருந்து, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் அரவிந்த் கண் மருத்துவமனையை 11 படுக்கைகளோடு தொடங்கினார். வெளிநாட்டு லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலை. 1992இல் மதுரையிலேயே அரவிந்தின் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் அதைச் செய்யத் தொடங்கியது. விலை பல மடங்கு இறங்கியது. இன்று பனியன் கம்பெனி செக்கிங்கில் கண்புரையால் தடுமாறுகிற அம்மாவும் அறுவை முடிந்து திரும்பவும் தையலைப் பார்க்க முடிகிறது.

நேரம் நெருங்கிவிட்டது, ஒன்று மட்டும். ஓவர்லாக்கிலோ சிங்கரிலோ ஊசி முறிந்து கண்ணில் தெறித்தால், அது இரும்பு, தானாக அடங்காது. கசக்கக் கூடாது, குத்தி நிற்பதைப் பிடுங்கக் கூடாது. கண்ணை அழுத்தாமல் ஒரு பேப்பர் கப்பால் மூடி, அப்போதே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஷிப்ட் முடியட்டும் என்று சொல்லாமல் சூப்பர்வைசர்கள் உடனே அனுப்பி வைப்பார்கள் என்று நம்புகிறோம்.