செய்தியும் நம் பொறுப்பும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)





செய்தி ஊடகங்களையும் சமூக வலைதளங்களையும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். இத்தலைப்பைக் கேட்டதும் நம் அனைவர் நினைவுக்கும் வருவது 2020ஆம் ஆண்டுதான். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸில் கூடியிருந்தோரிடையே கொரோனா தொற்று பரவியிருந்தது உண்மை. ஆனால் தொலைக்காட்சிகள் சிலவும் சமூக வலைதளங்களும் அதற்குக் ‘கொரோனா ஜிஹாத்’ என்று பெயர் சூட்டி, ஒரு நோயை ஒரு சமுதாயத்தின் சதியாக்கிவிட்டன. வடமாநிலங்களில் காய்கறி வண்டி தள்ளிய ஏழையிடம்கூடப் பெயர் கேட்டு விரட்டினார்கள்.

2020 ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டினர் 29 பேர் மீதான வழக்குகளை ரத்து செய்தது; அவர்களுக்கு எதிராக அச்சு ஊடகங்களிலும் காட்சி ஊடகங்களிலும் பெரும் பிரசாரம் நடந்ததையும் சுட்டிக்காட்டியது. வெளிநாட்டினரைத் தங்கவைத்ததாக டெல்லியில் 70 இந்தியர்கள் மீது போடப்பட்ட 16 வழக்குகளை டெல்லி உயர்நீதிமன்றம் ரத்து செய்ததோ 2025 ஜூலையில்! பழி பரவச் சில நாட்கள் போதுமானவையாக இருந்தன. அது நீங்க ஐந்து ஆண்டுகள் ஆயின. அன்று இரவு பகலாக விவாதம் நடத்தியவர்களுள் எத்தனை பேர் இத்தீர்ப்பையும் விவாதத்திற்கு எடுத்துக்கொண்டார்கள்?

இத்துடன் நான் அமர்ந்துவிட்டால் உங்களுக்கு மனநிறைவாக இருக்கும். ஆனால் இன்று நம் சட்டைப்பையிலும் ஒரு பத்திரிகை இருக்கிறதே! அதன் ஆசிரியர் யார்?

நாளிதழ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் பெயர்கள் அதில் இருக்கும். தவறு நேர்ந்தால் மறுப்புக் கேட்கலாம், வழக்கும் தொடரலாம். வாட்ஸ்அப்பில் வரும் தகவலுக்கோ பெயருமில்லை, ஊருமில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் எத்தனையோ பேரை மீட்க உதவியதும் இதே சாதனந்தான், மறுக்கவில்லை. ஆனால் 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே நடந்தது என்ன? குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த முதிய பெண்மணி ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக ஏற்கெனவே வதந்தி பரவியிருந்தது. ஊரார் அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். அவ்வதந்தியைப் பகிர்ந்தவர்கள் யாரும் கொலைகாரர்கள் அல்லர். பிள்ளைகளைக் காக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பகிர்ந்தவர்களே பெரும்பாலோர் என்றுதான் நான் எண்ணுகிறேன். எனக்கு அச்சமூட்டுவதும் அதுவே.

ஹதீஸ் கலையைத் தொகுத்த இமாம்கள் ஒரு செய்தியை ஏற்குமுன், அதை அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவருடைய நேர்மை எத்தகையது, நினைவாற்றல் எத்தகையது என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் சோதித்தார்கள். நபி (ஸல்) அவர்கள் பெயரால் வந்த செய்தியையே அவ்வாறு சோதித்த உம்மத், இன்று அதே பெயரால் வரும் ஆதாரமற்ற வாசகத்தை ஜும்ஆ வாழ்த்துடன் சேர்த்து நூறு பேருக்கு அனுப்புகிறது.

பிறரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ரமளான் பிறை 29 அன்று இரவு, ‘பிறை தென்பட்டது, நாளை பெருநாள்’ என்ற அறிவிப்பு எனக்கு வந்தது. மகிழ்ச்சியில் உடனே நம் தெருக் குழுவுக்கு அனுப்பினேன். அது முந்தைய ஆண்டின் அறிவிப்பு! பிறை தென்படவில்லை என்று தலைமை காஜி அறிவித்த செய்தி எட்டியதும் அதை நீக்கினேன். அதற்குள் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். எங்கள் தெருவில் தனியாக வாழும் மூதாட்டி ஒருவர் ஸஹருக்கு எழவில்லை. காலையில் பசியாறிய பிறகே அன்று நோன்பு என்று அறிந்தார்கள். மன்னிப்புக் கேட்கச் சென்றேன். “யார் யாரோ அனுப்புவதை நான் நம்புவதில்லை, தம்பி. வாத்தியார் அனுப்பியதாயிற்றே என்று நம்பிவிட்டேன்” என்றார்கள்.

அந்நோன்பை அவர்கள் பெருநாள் கழிந்து களாச் செய்தார்கள்.

வரும் ரமளான் முதல் பிறைச் செய்தியை நம் பள்ளிவாசல் ஒலிபெருக்கி வழியாக மட்டுமே அறிவிப்பது என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. அதற்கு முன் எந்தக் குழுவிலும் அதை யாரும் போடவேண்டாம் என்று செயலாளர் கேட்டுக்கொள்கிறார். அவ்வேண்டுகோளில் முதல் கையெழுத்தை நான் இட்டிருக்கிறேன். தாள் வாசலருகே மேசைமீது இருக்கிறது.