பயணத்திற்கேற்ற சிறு ட்ரோன்

பிழைப்பை முன்னிட்டுப் பிற மாநிலங்களில் குடியேறியுள்ள நம்மவர் விடுமுறை வந்தால் நைனிதால், மணாலி, ஷில்லாங் என்று குடும்பத்தோடு புறப்படுவது வழக்கம். கண்டவற்றை ஊரிலிருக்கும் பெற்றோரும் காணட்டும் எனப் படம் பிடித்து அனுப்புகிறோம். இப்பொழுது அக்காமிராவுக்கும் சிறகு முளைத்துவிட்டது. அலுவலக ஏடுகளில் நாம் அதனை ‘ஆளில்லா வானூர்தி’ என்று எழுதினாலும், கடையில் ‘ட்ரோன்’ என்றே கேட்கிறோம். முதன்முறை வாங்குவோர் எதைக் கருதித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் நோக்க வேண்டியது எடை. நம் நாட்டின் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள், 250 கிராமுக்கு மேற்படாதவற்றை ‘நானோ’ என்றும், அதற்கு மேல் 2 கிலோகிராம் வரை உள்ளவற்றை ‘மைக்ரோ’ என்றும் வகுத்துள்ளன. நானோ வகையை இயக்க ஓட்டுநர் உரிமம் வேண்டியதில்லை. வகைச் சான்றிதழும் தேவையில்லை. பைக்கும் பாரமில்லை. ஆகவே புதியவர்கள் இவ்வெல்லைக்குள் நிற்பதே நலம்.

இவ்வெல்லைக்குள்ளும் வேறுபாடுகள் உண்டு. உலகச் சந்தையில் பெயர் பெற்ற இரண்டை ஒப்பிட்டால் இது விளங்கும். 2024இல் வெளிவந்த டிஜேஐ நியோ 135 கிராம் எடையுள்ளது. உள்ளங்கையிலிருந்தே எழும்; சுழலிகளைச் சுற்றிக் காப்பு வளையம் உண்டு; ஏறத்தாழ 18 நிமிடம் பறக்கும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. அதே நிறுவனத்தின் மினி 3 என்பதோ 248 கிராம். 38 நிமிடம் பறக்கும் என்கிறார்கள். காற்றைத் தாங்கும் வன்மையும் இதற்கே மிகுதி. காமிராவை மூன்று அச்சுகளில் நிலைநிறுத்தும் அமைப்பும் இருப்பதால் படம் நடுங்காது. பிள்ளைகள் ஓடியாடுவதை அருகிலிருந்து எடுக்க முன்னதன் வகை போதும்; பள்ளத்தாக்கையும் மலைத்தொடரையும் எடுக்க விழைவோருக்குப் பின்னதன் வகையே ஏற்றது.

நிமிடக் கணக்கை அப்படியே நம்பிவிடலாகாது. அது காற்றற்ற நிலையில் அளந்தது. மலைக் குளிரில் மின்கலத்தின் ஆற்றல் குறையும். எதிர்காற்றில் திரும்புவதற்குச் செலவு கூடும். எனவே போகும்போது காற்றை எதிர்த்துச் சென்று, வரும்போது காற்றோடு வருமாறு திட்டமிடுவது அறிவுடைமை. செயற்கைக்கோள் வழியே இடமறியும் வசதி உள்ளதா என்பதையும் கேளுங்கள். அஃதுள்ளவை, தொடர்பு அறுந்தாலும் புறப்பட்ட இடத்திற்குத் தாமே திரும்ப முயலும். அஃதில்லாத மலிவுப் பொருள்கள் வீட்டுக் கூடத்தில் கைபழகுவதற்கு உதவுமேயன்றி, ஏரிக்கரைக்கு உதவா.

அடுத்து, வாங்கும் வழி. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மைத்துனரிடம் சொல்லிவிட்டால் மலிவாக வந்துவிடும் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதி 2022 பிப்ரவரி 9ஆம் நாள் வெளியான அரசு அறிவிக்கையால் தடை செய்யப்பட்டுள்ளது. ஆராய்ச்சி, நாட்டுப் பாதுகாப்பு போன்றவற்றுக்கே விலக்கு உண்டு. நமக்காக ஒருவர் அன்போடு சுமந்து வருவதைச் சுங்கச் சாவடியில் பறிகொடுக்கும்படி செய்தல் முறையன்று. மேலே இரு பெயர்களைக் குறித்தது தன்மைகளை ஒப்பிடுவதற்கே. இங்கு வாங்கும்போது, பொருள் முறைப்படி விற்பனைக்கு வந்ததா, பதிவெண் பெற இயலுமா எனக் கேட்டு, உரிய ரசீதுடன் வாங்குங்கள்.

பறக்கவிடுமுன் அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தைப் பார்த்தல் இன்றியமையாதது. பச்சைப் பகுதியில் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை முன்னனுமதியின்றிப் பறக்கவிடலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வட்டத்தில் 200 அடியே வரம்பு. மஞ்சள், சிவப்புப் பகுதிகளில் அனுமதி வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள கோயில்களிலும் கோட்டைகளிலும் அனுமதியின்றி இயக்கலாகாது. விமானத்தில் செல்வோர் உபரி மின்கலங்களைக் கைப்பையிலேயே எடுத்துச் செல்ல வேண்டும். ஒப்படைக்கும் பெட்டியில் வைத்தல் கூடாது.

இவையெல்லாம் விதிகள். விதியில் எழுதாத ஒன்றும் உண்டு. நாம் குடியேறியிருப்பது பிறர் மண். ஆற்றுத் துறையில் நீராடுவோரும், மொட்டை மாடியில் வற்றல் உலர்த்தும் பெண்களும், தலைக்கு மேல் இரையும் கண்ணொன்றை விரும்புவார்களா? அவ்வூராரின் மொழியிலேயே, “படம் எடுக்கலாமா?” என்று கேட்டுவிட்டுப் பறக்கவிடுவோமாயின் மனத்தாங்கல் நேராது. வேண்டாமென்று அவர்கள் சொன்னால், கீழே நின்று கண்ணாரக் காண்பதற்கும் அங்கே அழகு இருக்கத்தான் செய்கிறது.