அம்மாவின் குரல் இருந்த கணினி

இரவுப் பணி முடித்து நேராக வந்திருக்கிறேன். குரல் கம்மினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மடிக்கணினியில் இருந்தது விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-இல் அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. “தூக்கிப் போடுங்கக்கா” என்றார் கடைக்காரத் தம்பி. வார்டில் யாரையும் அப்படி அனுப்பிவிட மாட்டோமே!

மகன் யுஎஸ்பியில் லினக்ஸ் மின்ட் கொண்டுவந்தான். இலவசம். நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி எல்லாம் சோதித்தோம், ஊசி போடுமுன் ஒவ்வாமை கேட்பதுபோல. நிறுவும்போது வட்டு முழுதும் அழியக்கூடும் என்பதால், மறைந்த அம்மா கதை சொன்ன ஒலிப்பதிவுகளை வெளிவட்டில் இரண்டு படி எடுத்தேன். கை நடுங்கியது, ஜெபித்துக்கொண்டேன். தமிழ்99 விசைப்பலகையும் அமைந்தது. பிரிண்டர்தான் இன்னும் முரண்டு பிடிக்கிறது.

அந்தக் குரலை அதே கணினியில் கேட்டு எழுதிய கதையை இப்போது வாசிக்கிறேன்.