காலணி நாடா சொன்ன சாட்சி



"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது முன்னோர் வாக்கு. பேச்சுப் போட்டி மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் வாக்கு இது. ஆனால் ஒருவரின் உயிரும் மானமும் நீதிமன்றக் கூண்டில் நிற்கும்போதுதான் இதன் முழுப் பொருளும் விளங்கும். அதை விளக்க ஒரு பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் கைகொடுக்கிறது.

1974-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் 'கொலம்போ' தொடரில் ஒரு கதை ஒளியேறியது. கதை நடக்கும் இடம் ஓர் உடற்பயிற்சி நிலையம். மைலோ ஜேனஸ் என்பவர் நாடெங்கும் கிளைகள் கொண்ட உடற்பயிற்சி நிலையங்களின் அதிபர். கட்டுமஸ்தான உடல், கவர்ச்சியான பேச்சு, கைநிறையப் பணம். அவரிடம் உரிமம் பெற்று ஒரு கிளையை நடத்துகிறார் ஜீன் ஸ்டாஃபர்ட். கிளைகளுக்குத் தேவையான கருவிகளை எல்லாம் ஜேனஸ் தமக்கே சொந்தமான நிறுவனங்கள் வழியாக அதிக விலைக்குத் தலையில் கட்டுகிறார். இந்த மோசடியை ஸ்டாஃபர்ட் கண்டுபிடித்துவிடுகிறார். வெளியே சொல்லப் போவதாக எச்சரிக்கிறார். அன்றிரவே கொல்லப்படுகிறார்.

கொலை செய்தவர் யார் என்பது நேயர்களுக்குத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். அதுதான் அந்தத் தொடரின் தனிச்சிறப்பு. எப்படிப் பிடிபடுவார் என்பதே கேள்வி.

ஜேனஸ் இரண்டு பொய்களைக் கட்டுகிறார். ஒன்று கண்ணுக்கு, மற்றொன்று காதுக்கு. இறந்தவரின் அலுவலக உடையைக் கழற்றி, பயிற்சி உடையை அணிவித்து, எடை தூக்கும்போது கம்பி கழுத்தில் விழுந்து இறந்தவர் போல் கிடத்துகிறார். இது கண்ணுக்கான பொய். பிறகு வீட்டுக்குப் போய் விருந்து நடத்துகிறார். முன்பே ஒலிநாடாவில் பதிவு செய்து, வெட்டி ஒட்டி வைத்திருந்த ஸ்டாஃபர்ட்டின் குரலைத் தொலைபேசியில் வரச் செய்கிறார். அழைப்பை எடுக்கும் உதவியாளர், ஸ்டாஃபர்ட் உயிரோடு இருப்பதாகவே நம்புகிறார். இது காதுக்கான பொய்.

காவல்துறை கோப்பை மூடிவிட்டால் அது வெறும் விபத்து. ஆனால் பீட்டர் ஃபாக் நடித்த கொலம்போ, கசங்கிய மேலங்கியோடு வந்து நின்று தீர விசாரிக்கிறார். வயிறு நிறைய உண்டவர் உடனே பளு தூக்குவாரா? மெழுகு பூசிய தரையில் காலணித் தேய்ப்பு எப்படி வந்தது? கடைசியில் அவர் கண் இறந்தவரின் காலணி நாடாவில் நிலைக்கிறது.

நேயர்கள் இன்றைக்கே வீட்டில் செய்து பார்க்கலாம். தன் காலணி நாடாவைத் தானே கட்டினால் முடிச்சின் சுருக்கு ஒரு பக்கமாக விழும். எதிரே அமர்ந்து இன்னொருவருக்குக் கட்டிவிட்டால் அது கண்ணாடிப் பிம்பம் போல் மறுபக்கமாக விழும். இறந்தவரின் நாடா மறுபக்கமாக விழுந்திருந்தது. அப்படியானால் அவர் உயிரோடு உடை மாற்றவே இல்லை. யாரோ மாற்றிவிட்டிருக்கிறார்கள். ஆனால் ஜேனஸோ, பயிற்சி உடைக்கு மாறிவிட்டதாக ஸ்டாஃபர்ட்டே தொலைபேசியில் சொன்னார் என்று வாக்குமூலம் தந்திருந்தார். உடலை யாரும் பார்ப்பதற்கு முன்பே அந்த உடையைப் பற்றித் தெரிந்தவர், அதை மாட்டிவிட்டவர் மட்டும்தானே? தப்பிக்கச் சொன்ன பொய்யே கழுத்தில் சுருக்காக விழுந்தது.

கொலம்போவின் கதை இத்துடன் முடிகிறது. ஆனால் உண்மை வாழ்வில் கைது என்பது பாதி வழிதான். அந்த நாடா நீதிமன்றத்தில் நிற்குமா? ஸ்டாஃபர்ட் இடக்கைப் பழக்கம் உள்ளவரா, அன்று நண்பர் யாராவது கட்டிவிட்டிருக்கலாமா என்று தற்காப்பு வழக்கறிஞர் கேட்பார். கேட்கவும் வேண்டும். நியாயமான சந்தேகத்திற்கு அப்பால் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்பதே சட்டம். நாடா மட்டும் போதாது. நாடாவும், ஒலிநாடாவும், வாக்குமூலமும், மோசடிக் கணக்கும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

இந்த மறுபாதியைக் காட்டிய தொடர் 'பெரி மேசன்'. 1957 முதல் 1966 வரை 271 கதைகள் ஒளியேறின. ரேமண்ட் பர் வழக்கறிஞராக நடித்தார். கொலம்போவில் எல்லாரும் விபத்து என்று நினைப்பது கொலையாக இருக்கும். பெரி மேசனில் எல்லாரும் கொலைகாரர் என்று நினைப்பவர் நிரபராதியாக இருப்பார். இரண்டும் சொல்லும் பாடம் ஒன்றே: முதலில் தோன்றியதை நம்பிவிடாதே!

2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திற்கு முன்மொழியப்பட்ட சோனியா சோட்டோமேயர், சட்டத்துறைக்கு வரத் தம்மைத் தூண்டியது பெரி மேசன் என்று செனட் விசாரணையில் கூறினார். அவர் மனத்தில் பதிந்தது, தோற்றுக்கொண்டே இருந்த அரசுத் தரப்பு வழக்கறிஞரின் நிலை. குற்றவாளி தண்டிக்கப்படும்போது மட்டுமல்ல, நிரபராதி விடுவிக்கப்படும்போதும் அரசுத் தரப்பின் கடமை நிறைவேறுகிறது என்பதை அவர் அந்தத் தொடரில் கண்டார்.

ஆனால் பெரி மேசனில் ஒரு குறை உண்டு. உண்மைக் குற்றவாளி சாட்சிக் கூண்டிலேயே உடைந்து ஒப்புக்கொள்வார். நிஜ நீதிமன்றத்தில் அது அரிதிலும் அரிது. மேசனைப் படைத்த எர்ல் ஸ்டான்லி கார்ட்னருக்கு இது நன்றாகவே தெரியும். அவரே ஒரு வழக்கறிஞர். தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களின் வழக்குகளை மீண்டும் ஆராய, 1948-இல் நண்பர்களோடு சேர்ந்து 'கடைசி நீதிமன்றம்' என்ற முயற்சியை 'ஆர்கோசி' இதழில் தொடங்கினார். கதையில் காப்பாற்றிய கை, நிஜத்திலும் நீண்டது.

1992-இல் நியூயார்க்கில் தொடங்கிய 'இன்னசன்ஸ் புராஜெக்ட்' அமைப்பு, மரபணுச் சோதனையின் துணையோடு அதே பணியைச் செய்கிறது. மரபணுவால் விடுதலையான அமெரிக்கர்களின் வழக்குகளை ஆராய்ந்தபோது என்ன தெரிந்தது? பெரும்பாலானவற்றில் நேரில் கண்ட சாட்சி தவறாக அடையாளம் காட்டியிருந்தார். பொய் சொல்லவில்லை, உண்மையென்றே நம்பிச் சொன்னார். இன்னும் பல வழக்குகளில் குற்றம் செய்யாதவரே, விசாரணையின் நெருக்கடி தாங்காமல், செய்ததாக ஒப்புக்கொண்டிருந்தார். கண்ணால் கண்டதும் பொய். காதால் கேட்ட ஒப்புதலும் பொய். இடையில் மனிதர்கள் பல ஆண்டுகளைச் சிறையில் கழித்துவிட்டார்கள். அந்த ஆண்டுகளை எந்தத் தீர்ப்பாலும் திருப்பித் தர முடியாது.

ஒருவர் கைது செய்யப்பட்டார் என்ற செய்தி வந்த மறுகணமே, காப்பிக் கடையிலும் கைத்தொலைபேசியிலும் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. வழக்கு இன்னும் நீதிமன்றப் படியேறியிருக்காது. அவருடைய பிள்ளைகள் மறுநாள் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதை யாரும் எண்ணுவதில்லை.

கொலம்போ ஒரு நாடாவின் முன் நின்று, "இது ஏன் இப்படி இருக்கிறது?" என்று யோசித்தார். அந்தப் பொறுமைதான் குற்றவாளியைப் பிடிக்கிறது. அதே பொறுமைதான் நிரபராதியையும் காக்கிறது. நாளை காலை காலணி நாடாவைக் கட்டும்போது, அந்த முடிச்சை ஒரு கணம் பாருங்கள். அடுத்தவர் மீது பழி சொல்ல வாய் திறக்கும் முன், அது நினைவுக்கு வரட்டும்.