வோட்டு முன்னே, குடியரசு பின்னே



மதராஸ் ராஜ்யத்தில் வயதுவந்த எல்லோரும் வோட்டுப் போட்டது 1952 பொதுத்தேர்தலில். அதற்கு நான்கு வருஷத்துக்கு முன்பே, 1948 பிப்ரவரியில், திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்காரர்கள் வோட்டுப் போட்டுவிட்டார்கள். சொத்து உண்டா, வரி கட்டுகிறாயா என்ற கேள்வியெல்லாம் கிடையாது. நிலத்துக்காரருக்கும் ஒரு வோட்டு, அவர் வயலில் நாற்று நட்டவளுக்கும் ஒரு வோட்டு.

ஆனால் அப்படி வோட்டுப் போட்டவர்கள் அன்றைக்கும் மகாராஜாவின் பிரஜைகள்தான். பொறுப்பாட்சி தருகிறேன் என்று 1947 செப்டம்பர் 4ஆம் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜா விளம்பரம் செய்தார்; அதனால் தேர்தல் நடந்தது. 1948 மார்ச்சில் பட்டம் தாணுபிள்ளை பிரதம மந்திரியானார், மகாராஜாவுக்குக் கீழே. சுருக்கமாகச் சொன்னால், இந்த நான்கு தாலுகாக்களுக்கும் ஜனநாயகம் முதலில் வந்தது. குடியரசு 1950 ஜனவரி 26ல்தான் வந்தது.

இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஆளுகிறவரை யார் தேர்ந்தெடுப்பது, யார் இறக்குவது என்பது ஜனநாயகத்தின் விஷயம். நாட்டின் தலைமை ஒரு குடும்பத்துச் சொத்தாக இருக்கலாமா, ஆட்சி யார் பெயரில் நடக்கிறது என்பது குடியரசின் விஷயம். இங்கிலாந்தில் முதலாவது நன்றாகவே இருக்கிறது. இரண்டாவது இல்லை, அங்கே சார்லஸ் மன்னர் இருக்கிறார். வடகொரியா தன் பெயரிலேயே ஜனநாயகத்தையும் குடியரசையும் சேர்த்து வைத்திருக்கிறது. அங்கே தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையாக ஒரே வீட்டு ஆட்சி!

திருவிதாங்கூருக்குச் சட்டசபை புதிதல்ல. ஸ்ரீமூலம் திருநாள் 1888லேயே ஒரு சபை அமைத்தார். சுதேச சமஸ்தானங்களில் அதுதான் முதலாவது. 1904ல் பிரஜா சபையும் வந்தது. வசதியுள்ளவர்கள் போய்க் குறைகளைச் சொல்லலாம். திவான் கேட்டுக்கொள்வார். கேட்டபடி செய்தாக வேண்டும் என்று அவருக்குக் கட்டாயம் இல்லை.

உரிமைகூட அப்படி, மேலிருந்து இறங்கி வந்ததுதான். 1859 ஜூலை 26ஆம் தேதி வந்த தோள்சீலை விளம்பரத்தைப் பாருங்கள். நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது. ஒருத்தி துணியை எப்படிப் போடவேண்டும் என்பது வரைக்கும் அரண்மனைக் காகிதம் சொன்னது. அதையும் சும்மா கொடுக்கவில்லை. பல ஆண்டுகள் அடியும் தீவைப்பும் தாங்கிய பிறகு கிடைத்தது அது. சுசீந்திரத்தில் ஒடுக்கப்பட்ட சாதியார் கோயில் தெருவில் நடப்பதற்கே டாக்டர் எம்.இ. நாயுடு தலைமையில் சத்தியாக்கிரகம் நடத்தவேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12ல் ஆலயப் பிரவேச விளம்பரம் வந்தது. பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு ராஜாவின் கையெழுத்தில் வந்தது, இன்னொரு ராஜாவின் கையெழுத்தில் போகவும் செய்யலாம். தீண்டாமை ஒழிந்தது என்று அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு சொன்ன பிறகு யாருடைய திருவுளத்தையும் பார்த்து நிற்க வேண்டியதில்லை.

இதில் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1946ல் அவர் ஒரு திட்டம் போட்டார். எல்லோருக்கும் வோட்டு உண்டு, சட்டசபையும் உண்டு. ஆனால் அந்தச் சபையால் திவானை அசைக்க முடியாது. அமெரிக்க மாதிரி என்றார். அமெரிக்க ஜனாதிபதியை ஜனங்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், திவானை நியமிப்பவர் மகாராஜா என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டார். ‘அமெரிக்க மாதிரி அரபிக்கடலில்’ என்று ஜனங்கள் கோஷம் போட்டார்கள்.

சரி, வோட்டு வந்துவிட்டால் எல்லாம் வந்துவிடுமா? 1948 தேர்தலில், தமிழ்த் தாலுகாக்களை மதராஸ் ராஜ்யத்தோடு சேர்க்கவேண்டும் என்று கேட்ட திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்கு 14 இடம் கிடைத்தது. சபையில் மொத்தம் 120 பேர். கை தூக்கி எண்ணினால் தமிழர் ஒருநாளும் ஜெயிக்க முடியாது. 1954 ஆகஸ்ட் 11ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் அந்தக் கோரிக்கைக்காகப் போராடியவர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தபோது ஆட்சியிலிருந்தது மகாராஜா அல்ல, தேர்தலில் வந்த பட்டம் தாணுபிள்ளை அரசு. தன் கட்சி ஆட்சி ராஜினாமா செய்யவேண்டும் என்று ராம் மனோகர் லோகியா சிறையிலிருந்தே கேட்டார். தாணுபிள்ளை கேட்கவில்லை.

வழி வேறு பக்கத்திலிருந்து வந்தது. மாநில எல்லையை மாற்றும் அதிகாரத்தை அரசியல் சட்டத்தின் 3ஆவது பிரிவு நாடாளுமன்றத்திடம் கொடுத்திருக்கிறது. திருவனந்தபுரம் சபையின் கருத்தைக் கேட்கவேண்டும், சம்மதம் வேண்டியதில்லை. நாடாளுமன்றத்திலும் எண்ணிக்கைதான், ஆனால் எந்தச் சபை எதை முடிவுசெய்யலாம் என்று அரசியல் சட்டத்தில் முன்கூட்டியே எழுதிவைத்திருந்தது. 1956 நவம்பர் 1ல் நான்கு தாலுகாக்களும் மதராஸ் ராஜ்யத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையும் மதராஸ் ராஜ்யத்துக்கு வந்தது. தேவிகுளமும் பீருமேடும் வரவில்லை. அந்த வருத்தம் இன்றும் பலருக்கு உண்டு.

1950க்குப் பிறகும் அதே சித்திரைத் திருநாள் மகாராஜாதான் ராஜப்பிரமுகராக, அதாவது ராஜ்யத்தின் தலைவராக, 1956 வரை இருந்தார். ஆள் மாறவில்லை, பதவியைக் கொடுத்தது அரசியல் சட்டம். இன்று நவராத்திரிக்கு பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து உடைவாள் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும்போது, அதை எடுத்துக் கொடுப்பது கேரளத் தொல்லியல் துறை. போலீஸ் மரியாதை செய்கிறது. ராஜாவின் வாள் சர்க்கார் பொறுப்பில் இருக்கிறது.

நேயர்களே, ஜனவரி 26 அன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடும். இப்போது நவம்பர் 1 அன்றும் கூடுகிறது. கொடியேற்றி மிட்டாய் வாங்கியதும் வீட்டுக்குத் திரும்பிவிடாமல், அந்தக் கூட்டத்தில் போய் உட்காருங்கள். வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். பேரூராட்சியிலும் நாகர்கோவில் மாநகராட்சியிலும் இருப்பவர்கள் வார்டு உறுப்பினரைப் பிடித்துக் கேளுங்கள். மனு கொடுக்கிற பிரஜையாகக் கேட்கவேண்டாம். உங்கள் கணக்கு, கேளுங்கள்.